இராவதி கார்வே

இராவதி கார்வே (டிசம்பர் 15, 1905 – ஆகஸ்ட் 11, 1970) இந்தியாவின் முதல் பெண் மானிடவியலாளர் என அறியப்படுபவர். சமூகவியலாளர், கல்வியாளர், மராத்தி எழுத்தாளர் எனப் பல துறைகளில் இயங்கியவர். புனே நகரிலுள்ள டெக்கான் கல்லூரியில் 1939 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆய்விலும் கற்பித்தலிலும் ஈடுபட்டார். இந்திய மக்களின் உறவுமுறைகளைப் பற்றி 1953 இல் வெளிவந்த ஆங்கில நூலும், மகாபாரத மாந்தரை ஆராயும் யுகாந்தா என்னும் மராத்தி நூலும் இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவை.

இவரது காலத்து அறிஞர்கள் பலர் பண்பாட்டின் சான்றுகளை ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியிலும் தேடினர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மாவரைக்கும்போது பாடியவை, உறவினரை அவர்கள் அழைத்த சொற்கள், வழிநடையில் பேசிய பேச்சு ஆகியவற்றையும் அதே தரத்துச் சான்றுகளாக இராவதி எடுத்துக்கொண்டார். பெண்ணிய மானிடவியல் என்னும் துறை 1970களில்தான் தனித்துறையாக உருப்பெற்றது. எனவே அப்பெயரை இவருக்குச் சூட்டுவது பிற்காலத்தவர் செயலே. ஆயினும் அத்துறை பின்னர் எழுப்பிய கேள்விகள் சில இவரது எழுத்தில் முன்னரே காணப்படுகின்றன.

பிறப்பும் இளமையும்

இராவதி பர்மாவிலுள்ள மியின்யான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கணேஷ் ஹரி கர்மார்கர் அங்கு ஒரு பருத்தி நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சித்பாவன் பிராமணர். மகளுக்கு அந்நாட்டின் பெரிய ஆறான ஐராவதியின் பெயரையே இட்டார். ஏழாம் வயதில் இராவதி படிப்பதற்காகப் புனேக்கு அனுப்பப்பட்டு, ஹுசூர்பாகா எனப்படும் பெண்கள் பள்ளியின் விடுதியில் சேர்க்கப்பட்டார்.

அப்பள்ளியில் உடன்பயின்ற சகுந்தலா பராஞ்ச்பேயின் நட்பு இவரது வாழ்க்கைப் போக்கை மாற்றியது. சகுந்தலாவின் தந்தை ரகுநாத் புருஷோத்தம் பராஞ்ச்பே, கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் இந்தியர். அப்போது பெர்குசன் கல்லூரியின் முதல்வராக இருந்தார். சகுந்தலாவின் தாய் இராவதியைத் தம் வீட்டிலேயே இரண்டாவது பிள்ளைபோல் வளர்த்தார். நூல்களும் விவாதங்களும் நிறைந்த அவ்வீட்டில்தான் மானிடவியல் என்றொரு துறை உண்டு என்பதை இராவதி முதலில் அறிந்தார்.

பெர்குசன் கல்லூரியில் மெய்யியல் பயின்று 1926 இல் பட்டம் பெற்றார். பின்னர் உதவித்தொகை பெற்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் அறிஞர் ஜி. எஸ். குரியேயின் வழிகாட்டலில் பயின்று 1928 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தாம் பிறந்த சித்பாவன் பிராமணச் சமூகமே இவரது ஆய்வேட்டின் பொருள்.

திருமணமும் கார்வே குடும்பமும்

1926 இல் வேதியியல் ஆசிரியரான தினகர் தோண்டோ கார்வேயை மணந்தார். தினகரின் தந்தை தோண்டோ கேசவ் கார்வே, கைம்பெண் மறுமணத்திற்கும் பெண்கல்விக்கும் வாழ்நாளைச் செலவிட்டவர். 1893 இல் தாமே ஒரு கைம்பெண்ணை மணந்தார்; 1916 இல் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கினார்; 1958 இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

இத்தகையவர் தம் மருமகள் மேற்படிப்பிற்காக ஜெர்மனி செல்வதை எதிர்த்தார் என்பது வியப்புக்குரியது. பெண்கல்விக்கு ஆதரவான சீர்திருத்தக் குடும்பங்களிலும் பெண் எவ்வளவு தூரம் படிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது என்பதை இது காட்டுகிறது. தினகர் மனைவியின் பக்கம் நின்றார். இராவதி 1928 இன் இறுதியில் பெர்லினுக்குப் புறப்பட்டார்.

பெர்லினில்

பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனத்தில் ஆயிகன் ஃபிஷர் என்பவரின் கீழ் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். மனிதப் பாரம்பரியத்தையும் இனமேம்பாட்டுக் கொள்கையையும் ஆராய்வதற்கென்றே அமைக்கப்பட்ட நிறுவனம் இது. பின்னாளில் நாசி ஆட்சியின் இனவெறிச் செயல்களுக்கு அறிவியல் முலாம் பூசிய இடமும் இதுவே.

ஐரோப்பியரின் மண்டையோட்டில் வலப்பக்கத்திற்கும் இடப்பக்கத்திற்கும் உள்ள வேறுபாடு பிற மக்களிடம் உள்ளதைவிட மிகுதி என்றும், அது அவர்களது அறிவாற்றலோடு தொடர்புடையது என்றும் ஃபிஷர் கருதினார். இதைச் சோதிக்கும் பணி இராவதிக்குக் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை அளந்தார். அவற்றுள் பல, ஜெர்மனியின் ஆப்பிரிக்கக் குடியேற்றப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அளவுகள் பேராசிரியரின் எண்ணத்திற்குத் துணைசெய்யவில்லை. மண்டையோட்டின் சமச்சீரின்மைக்கும் இனத்திற்கும் தொடர்பில்லை என்றே இராவதி எழுதினார். குடியேற்ற நாட்டிலிருந்து வந்த இருபத்து நான்கு வயது மாணவி, நிறுவனத் தலைவரின் கருதுகோளை அவரிடமே மறுத்து எழுதியது சிறிய செயல் அன்று. 1930 இல் முனைவர் பட்டம் பெற்று நாடு திரும்பினார்.

புனேயில் பணி

1931 முதல் 1936 வரை மாமனார் தோற்றுவித்த பெண்கள் பல்கலைக்கழகத்தில் நிருவாகப் பணியாற்றினார். அப்பணி இவருக்கு நிறைவளிக்கவில்லை. 1939 இல் டெக்கான் கல்லூரி முதுகலை ஆய்வு நிறுவனமாகத் திறக்கப்பட்டபோது, சமூகவியல் பிரிவில் சேர்ந்தார். 1947 இல் இந்திய அறிவியல் மாநாட்டின் மானிடவியல் பிரிவுக்குத் தலைமை வகித்தார்.

இவரது மானிடவியல் பரந்துபட்டது. தொல்லியலாளர் எச். டி. சங்காலியாவுடன் குஜராத்தில் ஆய்வுப் பயணம் செய்து, லங்நாஜ் என்னுமிடத்தில் நுண்கற்கருவிக் காலத்து மனித எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். ஊர்ச் சமூகங்கள், பழங்குடியினரின் வாரச்சந்தைகள், கொய்னா அணையால் இடம்பெயர்ந்தோர் எனப் பல கள ஆய்வுகளை நடத்தினார். கொய்னா ஆய்வை மகள் ஜாய் நிம்ப்கருடன் சேர்ந்து 1969 இல் நூலாக வெளியிட்டார். அணைகள் நாட்டின் பெருமையாகப் போற்றப்பட்ட காலத்தில் அவற்றுக்காக ஊரிழந்தவர்களின் நிலையைக் கேட்டறிந்த தொடக்ககால ஆய்வுகளுள் அது ஒன்று.

புனே மக்களுக்கு இவர் வேறொரு வகையிலும் தெரிந்தவர். அந்நகரில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் பெண் எனப் பேசப்பட்டார். குங்குமமும் தாலியும் அணிவதில்லை. கணவரைப் பெயர் சொல்லியே அழைத்தார். கணவர் இவரை இரு என்று அழைத்தார்.

உறவுமுறை ஆய்வு

1953 இல் வெளிவந்த உறவுமுறை நூல் இந்தியாவை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு வலயங்களாகப் பிரிக்கிறது. இந்தியப் பண்பாட்டைப் புரிந்துகொள்ள மொழிப்பகுதி, சாதி, குடும்ப அமைப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே அறியவேண்டும் என்பது நூலின் அடிப்படை. பழைய சமற்கிருத நூல்கள், மகாபாரதம், வாழும் மொழிகளின் உறவுப் பெயர்கள், பழமொழிகள், பெண்களின் பாடல்கள் ஆகியன இதில் ஒருசேரப் பயன்படுத்தப்பட்டுள்ளன.

தென்வலயம் பற்றிய பகுதி தமிழ் வாசகர்களுக்கு நன்கு விளங்கும். தமிழில் தாயின் உடன்பிறந்தவனும் கணவனின் தந்தையும் மாமன் என்ற சொல்லுக்குள் அடங்குவர். தந்தையின் உடன்பிறந்தவளும் கணவனின் தாயும் அத்தையாவர். மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமே இச்சொற்களில் பதிந்துள்ளது. தாய்மாமனை மணக்கும் பெண்ணுக்கு அவளுடைய அம்மாச்சியே மாமியார். அவள் புகும் வீடு அவள் குழந்தையாக விளையாடிய வீடாக இருக்கக்கூடும்.

வடவலயத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு இரத்த உறவில் மணம் கூடாது. பல இடங்களில் ஒரே ஊருக்குள்ளும் கூடாது. மணப்பெண் முன்பின் அறியாதவர்களிடையே போய்ச் சேர்கிறாள். பிறந்த ஊரில் மகளாகத் தலைமறைக்காமல் நடமாடியவள், புகுந்த ஊரில் முக்காடிட்ட மருமகளாகிறாள். பெண்ணின் வாழ்வு இவ்வாறு இரண்டாகப் பிளவுபடுவதை இராவதி உறவுமுறையின் மையச் செய்தியாகக் கண்டார். உறவுமுறை ஆய்வுகள் பெரும்பாலும் எந்தக் குழு எந்தக் குழுவிற்குப் பெண் கொடுக்கிறது என்ற கணக்கோடு நின்ற காலம் அது. கொடுக்கப்பட்ட பெண் அங்குப் போய் எப்படி வாழ்ந்தாள் என்று இவர் கேட்டார்.

மகாராட்டிரம் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்குப் பல சாதிகளில் மாமன் மகளை மணப்பது விரும்பத்தக்கது. அத்தை மகளை மணப்பது அவ்வாறன்று. வடக்கும் தெற்கும் கலந்த இந்நிலம் தம் சொந்த நிலமாகவும் இருந்தது இவருக்கு வாய்ப்பாக அமைந்தது எனலாம்.

தென்னக முறை பெண்ணுக்கு முழு விடுதலை அளிப்பது என்று கொள்ளுதல் தவறு. அறிந்த வீடு என்பது உண்மையே. ஆனால் பிறக்கும்போதே முறைமாப்பிள்ளை முடிவாகிவிட்ட பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை.

இதே 1953 இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், திராவிட உறவுப் பெயர்கள் திருமண ஒப்பந்தத்தின் வெளிப்பாடுகள் என்னும் கருத்தை வெளியிட்டார். இவர் தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்தவர். உறவுமுறைக் கோட்பாட்டில் பின்னர் துய்மோனின் பெயரே ஓங்கியது. இராவதியின் நூலைக் கோட்பாட்டுத் தெளிவு குறைந்த தொகுப்பு என்று கருதியோர் உண்டு. எனினும் இந்திய அளவில் இத்துணைத் தரவுகளை ஓரிடத்தில் திரட்டிய நூல் அதற்கு முன் இல்லை.

பெண்களின் பாடல்கள்

மராத்தியில் பெண் பிறந்த வீடு மாஹேர் என்றும், புகுந்த வீடு சாசர் என்றும் வழங்கும். தமிழில் பிறந்தகம், புக்ககம் என்பன போன்றவை இவை. விடியுமுன் எழுந்து திரிகையில் மாவரைக்கும் பெண்கள் பாடும் பாடல்கள் ஓவி எனப்படும். தன்னை அழைத்துப்போக வரும் அண்ணன், தொலைவிலிருக்கும் தாய், மாமியாரின் கடுமை, பண்டரிபுரத்து விட்டலன் ஆகியோர் இவற்றில் மீண்டும் மீண்டும் வருவர்.

டெக்கான் கல்லூரியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளிலேயே மகாராட்டிர நாட்டுப்பாடல்களைப் பற்றி இராவதி எழுதத் தொடங்கினார். நாட்டுப்பாடலைத் திரட்டியவர்கள் அவருக்கு முன்னும் இருந்தனர். பாடலை அழகுக்காக மட்டும் போற்றாமல், அதைக் குடும்ப அமைப்பின் சான்றாகப் படித்தது இவரது தனித்தன்மை. ஒரு மருமகள் வெளிப்படையாகச் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லலாம். திரிகையின் ஓசைக்கிடையில் அதைக் கேட்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆகவே சாத்திர நூல்கள் குடும்பம் எவ்வாறு இருக்கவேண்டும் என்று கூறும் இடத்தில், பாடல் அது எவ்வாறு இருந்தது என்பதைக் கூறுகிறது.

இவை எழுதப்படாதவை என்பதால் எளிதில் அழியக்கூடியவை. எழுத்தறியாத உழவர் குலப் பெண்ணான பகினாபாய் சௌதரி இயற்றிய பாடல்கள், அவற்றை அவருடைய மகன் எழுதிவைத்ததாலேயே 1952 இல் நூலாயின. ஊர்களுக்கு மாவு அரைக்கும் ஆலைகள் வந்தபின் திரிகைப் பாட்டுக்குரிய வேளையே இல்லாமற் போயிற்று. 1980களில் ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வெனும் புனேயை மையமாகக் கொண்டு தொடங்கிய தொகுப்பு முயற்சியில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட திரிகைப் பாடல்கள் திரட்டப்பட்டன. இது இராவதியின் பணியின் நேரடித் தொடர்ச்சி அன்று. ஆயினும் அவர் சுட்டிய செல்வம் எவ்வளவு பெரியது என்பதற்கு இத்தொகை சான்றாகும்.

பண்டரிபுரப் பயணம்

ஆண்டுதோறும் ஆடி ஏகாதசியையொட்டி ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளை ஏந்திய பல்லக்குடன் பல்லாயிரவர் பண்டரிபுரத்திற்கு நடந்து செல்வர். இராவதி இக்கூட்டத்துடன் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நடந்து, அதைப் பற்றி மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1962 இல் வெளிவந்தது. பண்டரிபுரத்திற்கு யார் நடந்துசெல்கிறார்களோ அவர்களின் நாடே மகாராட்டிரம் என்று அதில் ஒரு வரையறை தருகிறார்.

அவர் சென்ற குழுவில் பிராமணப் பெண்களும் மராத்தா பெண்களும் இருந்தனர். பகலெல்லாம் சேர்ந்து நடந்தனர், சேர்ந்து பாடினர். உணவு நேரத்தில் மட்டும் தனித்தனியே சமைத்து உண்டனர். சாதி வேறுபாட்டை மறுத்த அடியார்களின் பாடல்களைப் பாடிக்கொண்டே இவ்வாறு பிரிந்து அமர்ந்தது இராவதியைத் துன்புறுத்தியது. அவர் மராத்தா பெண்களுடன் அமர்ந்து உண்டார். அதன்பின் அப்பெண்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டு நடந்தனர். தம் வாழ்க்கைக் கதைகளைச் சொன்னார்கள். அக்கா என்று அழைத்தனர். புனேக்கு வந்தால் உங்கள் வீட்டிற்கு வருவோம் என்றனர். அப்போது ஓர் இளம்பெண், அங்கும் எங்களிடம் இப்படியே நடந்துகொள்வீர்களா எனக் கேட்டாள்.

இராவதி அக்கேள்வியை மறைக்காமல் பதிவு செய்துள்ளார். வழியில் தோன்றும் சமத்துவம் வீட்டு வாசல்வரை வருமா என்பது அவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. களத்திற்குச் சென்று கதை கேட்டுத் திரும்பும் எல்லா ஆய்வாளர்களுக்கும் உரியது. ஆய்வாளர் தம்மையும் ஆய்வுக்குள் வைத்து எழுதுவது பிற்காலப் பெண்ணிய மானிடவியலில் ஒரு முறையாகவே வளர்ந்தது. 1962 இல் அறிவியல் எழுத்தில் அது அரிது.

யுகாந்தா

புனேயின் பண்டார்கர் நிறுவனம் மகாபாரதத்தின் செம்பதிப்பை 1919 இல் தொடங்கி 1966 இல் நிறைவு செய்தது. நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு, பிற்சேர்க்கைகளை விலக்கி உருவாக்கப்பட்ட பதிப்பு அது. அதனை அடிப்படையாகக் கொண்டு இராவதி எழுதிய கட்டுரைகளே யுகாந்தா. 1967 இல் வெளிவந்த இந்நூலுக்கு 1968 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஆங்கில வடிவத்தை 1969 இல் அவரே வெளியிட்டார்.

இந்நூலில் காப்பிய மாந்தர் தெய்வத்தன்மை நீங்கி, உறவுகளின் நெருக்கடிக்குள் வாழும் மனிதர்களாகின்றனர். பீஷ்மரின் தியாகம் யாரைப் பலிகொண்டது என்று இராவதி கேட்கிறார். பிரம்மச்சரிய விரதம் பூண்டவர், அம்பை முதல் காந்தாரி, மாத்ரி வரை பல பெண்களின் வாழ்வைக் குலத்தின் பொருட்டு வளைத்தார் என்பது அவர் காட்டும் செய்தி. காண்டவ வனம் எரிந்ததை அக்கினியின் பசியாகக் காணாமல், நிலத்திற்காக நடந்த அழிப்பாகக் காண்கிறார். யுதிட்டிரனின் தந்தை விதுரனாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் எழுப்புகிறார். இறுதிப் பயணத்தில் வீழ்ந்து கிடக்கும் திரௌபதி, தன்னை உண்மையாக நேசித்தவன் வீமனே என உணர்வதாக எழுதும் பகுதி மூலத்தில் இல்லாதது. அது ஆசிரியரின் கற்பனை. ஆய்வும் புனைவும் கலந்த இவ்விடத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு. நூலில் வாசகர் மனத்தில் மிகுதியும் தங்குவதும் இவ்விடமே.

சாதி பற்றிய கருத்து

1961 இல் வெளிவந்த இந்து சமூகம் பற்றிய நூலில், சாதி என்பது விரிந்த உறவுக்குழு என்று வாதிட்டார். ஒரே சமூகம் உடைந்து சாதிகள் தோன்றவில்லை, தனித்தனிக் குழுக்களே அருகருகே வந்து அடுக்கப்பட்டன என்பது அவர் முடிவு. மகாராட்டிரத்துக் குயவர்களில் பல சாதிகள் உண்டு. அவர்களின் சக்கரமும் தொழில்முறையும் வேறுபட்டவை. தமக்குள் மணஉறவு கொள்ளாதவர்கள். இதனை அவர் சான்றாகக் காட்டினார். இதில் தம் ஆசிரியர் குரியேயின் கருத்திலிருந்து விலகினார்.

விமர்சனங்கள்

பெர்லினில் இனக்கொள்கையை மறுத்தவர், இந்தியா திரும்பியபின் பல்லாண்டுகள் சாதிக் குழுக்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். உயர்வு தாழ்வு கூறுவது அவர் நோக்கமன்று. குழுக்களின் தொடர்பை அறிவதே நோக்கம். ஆனாலும் அளவுகோல் பெர்லினிலிருந்து வந்தது. இந்திய உறவுமுறை எனப் பெயரிய நூலில் முசுலிம்களுக்கு இடமில்லை எனலாம் என்பது மற்றொரு குறை.

பரிபூர்த்தி என்ற அவரது மராத்திக் கட்டுரையும் விவாதத்திற்கு உள்ளானது. ஒரு கூட்டத்தில் இன்னாரின் மருமகள், இன்னாரின் மனைவி என அறிமுகப்படுத்தப்பட்டபோது ஏதோ குறைவதாக உணர்ந்த அவர், வழியில் சிறுவர்கள் தம்மைத் தங்கள் வகுப்புத் தோழனின் தாய் என்று சுட்டியபோது நிறைவடைந்ததாக எழுதினார். தாய்மையில் நிறைவு காணும் இம்முடிவைப் பெண்ணியவாதிகள் சிலர் ஏற்பதில்லை. இது எள்ளல் என்று படிப்பாரும் உளர். அவரது மராத்திக் கட்டுரைகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று விடாமல் நடப்பதால், இரு தரப்பினருக்கும் சான்று கிடைத்துவிடுகிறது.

மறைவும் பின்னரும்

இராவதி 1970 ஆகஸ்ட் 11 அன்று புனேயில் காலமானார். அவருடைய மகள்கள் ஜாய் நிம்ப்கரும் கௌரி தேஷ்பாண்டேயும் எழுத்தாளர்கள். மகன் ஆனந்த் கார்வே தாவரவியலாளர்.

குரியேயின் மற்றொரு மாணவரான எம். என். சீனிவாஸ் பெற்ற இடம் இந்தியச் சமூகவியல் பாடத்திட்டங்களில் இராவதிக்குக் கிடைக்கவில்லை. தில்லி, பம்பாய் ஆகிய மையங்களுக்கு வெளியே பணியாற்றியதும், சிறந்த எழுத்துகளிற் பலவற்றை மராத்தியில் எழுதியதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிறர் மறந்த பெண்களின் சொற்களைத் திரட்டியவரின் சொற்களும் நெடுங்காலம் தம் மொழி எல்லைக்குள்ளேயே இருந்தன. மராத்தி வாசகரிடையே மட்டும் யுகாந்தா தொடர்ந்து படிக்கப்பட்டது. 2000களில் சமூகவியலாளர் நந்தினி சுந்தர் இவரது வாழ்வையும் பணியையும் விரிவாக ஆராய்ந்து எழுதியபின் கல்வியுலகின் கவனம் மீண்டும் இவர்பால் திரும்பியது. பேத்தி ஊர்மிளா தேஷ்பாண்டேயும் ஆய்வாளர் தியாகோ பிண்டோ பார்போசாவும் இணைந்து எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2024 இல் வெளிவந்தது. கணவர் இவரை அழைத்த இரு என்ற பெயரே அந்நூலின் தலைப்பாகும்.